ஒரு கையும் எழும்பாத மனு

மதிப்பு நிறைந்த தலைவர் செல்வநாயகம் அவர்களே, வாடைக் காற்றிலும் வலை வீசும் வன்மை கொண்ட மூத்தோரே, கருவாட்டோடு கருவாடாய்க் காய்ந்து குடும்பம் காக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் மரியநேசன் மனைவி புனிதத்தின் மாலை வணக்கம்!

ஏன் குனிகிறீர்கள்? அவர் பெயரைக் கேட்டதும் ஏன் அந்தச் சிரிப்பு? போன மாதம் நமது கடற்றொழிலாளர் சங்கத்தின் மருத்துவக் காப்புறுதி மனுக்களை வழக்கம்போல ஒலிபெருக்கியில் வாசித்து, சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னீர்கள். கால் முறிந்தவருக்குக் கை எழும்பியது. கண்ணில் பூ விழுந்தவருக்குக் கை எழும்பியது. "மரியநேசன், ஆண்மைக் குறைவு, மாத்திரை" என்று வாசித்தபோது ஒரு கை, ஒரேயொரு கை எழும்பியதா? தூக்கினால் தனக்கும் அந்த வருத்தம் என்று ஊர் கதைக்குமாம்! கடலுக்கு அஞ்சாத ஆண்சிங்கங்களுக்கு ஒரு மாத்திரையைக் கண்டு பயமாம்!

"ஆடம்பர மருந்து" என்று மனுவைத் திருப்பினார் செயலாளர். எது ஐயா ஆடம்பரம்? பதினொரு வருடச் சலரோகம், அந்தச் சீனி வருத்தம், அவரது நரம்பைத் தின்றுவிட்டது. சலரோகத்துக்கு மருந்து தருவீர்கள், அது தந்த வருத்தத்துக்குத் தரமாட்டீர்களோ? ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் வெயிலில் வாடி, வவுனியா டொக்டரிடம் போய், வாய்திறந்து சொல்ல அந்த மனுசன் பட்ட பாடு எனக்குத் தெரியும். "புனிதம், இவ்வளவு மானம் போனது காணும். நீ ஒண்டும் கதையாத" என்று அழுதார்.

நான் கதைப்பேன்! கலியாணம் முடித்து ஐந்து வருடம். "இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்காத வாய் இங்கே உண்டா? என் கருப்பைச் சோதனைக்கு மனுப் போட்டபோது எத்தனை கைகள்! என் வயிற்றை ஊரறிய வாசித்தபோது கூசாத காதுகள் இன்று ஏன் கூசுகின்றன? குறை பெண்ணிடம் என்றால் வைத்தியம், ஆணிடம் என்றால் வெட்கமா?

என்ன அண்ணை? பொம்பிளை மேடையில கதைக்கிற கதையோ எண்டு கேக்கிறியளோ? ஓம், இதுதான் கதை! வீட்டை போய் உங்கட மனுசியைக் கேளுங்கோ.

தலைவர் அவர்களே, இனி எவருடைய வருத்தத்தையும் ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள். இந்த மனுவை மட்டும் இன்னொருமுறை வாசியுங்கள்.

அந்தா! வாசிக்க முன்னமே கடைசி வரிசை வாங்கில் ஒரு கை! ஐயோ, அது என்ரை மனுசன்! போன மாதம் தலை குனிந்திருந்தவர் தன் மனுவுக்குத் தானே கை தூக்கியிருக்கிறார். அந்தக் கையைத் தனியே விடப்போகிறீர்களா? தாய்மாரே, நீங்களும் உறுப்பினர்தானே? இரஞ்சிதம் அக்கா, நல்லாத் தூக்குங்கோ, தலைவருக்குத் தெரியட்டும்!

தூக்கிய கைகளுக்கு என் நன்றி. தூக்காத அண்ணைமாருக்கும் வணக்கம். நாளைக்கு உங்கள் மனு வரும்போது, முதலில் எழும்பும் கை என்னுடையதாக இருக்கும்.