சூளைக்குப் பக்கத்து அறை

எங்கள் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னில் குளிர்காலம் வந்தால் சூளைக்குப் பக்கத்து அறைக்குத்தான் எல்லாரும் போட்டி போடுவார்கள். வீடுகளில் கணப்பு கிடையாது. அதனால் ரூய்லான் காய்ச்சலோடு வந்து அங்கே படுத்ததில் விசேஷம் எதுவும் இல்லை, ஐயா.

நாங்கள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். எனக்கு இளையவள் என்பதால் என்னை அக்கா என்பாள். பட்டறையும் சூளையும் இருவருக்கும் பொது. நான் பீங்கானில் பவளம், காளான், யாருடையதும் அல்லாத நுரையீரல்கள் செய்கிறேன். அவளும் அதையேதான் செய்தாள். பார்க்க வருகிறவர்கள் அவளுடைய அலமாரி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள். அது வெளிச்சம் விழுகிற பக்கம்.

என் உருவங்களுக்குச் செம்புச் சிவப்பு வேண்டும். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது புகைபோக்கித் தகட்டைச் சாத்த வேண்டும். காற்று கிடைக்காத தீ, பூச்சில் இருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், செம்பு சிவக்கும். எங்கள் மொழியில் இதற்குப் பெயர் ‘பழைய நிலைக்குத் திருப்புதல்’. அப்போது கசியும் வாயுவுக்கு மணமில்லை. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் யாரும் இருக்கக் கூடாது என்பது இங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும்.

போன முறை, தலை வலிக்கிறது என்று அவளே எழுந்து வந்து தகட்டைத் திறந்துவிட்டாள். எல்லாம் பழுப்பாக வந்தது.

“அக்கா, பன்னி ஈரல் சுட்டிருக்கீங்க. இஞ்சி போட்டு வதக்கிடலாமா?” என்றாள்.

நானும் சிரித்தேன்.

இந்த முறை நண்பகலில் தகட்டைச் சாத்தினேன். அவளை எழுப்பவில்லை. காய்ச்சலுக்குத் தூக்கம் நல்லது. அறைக் கதவை வெளியே தாழிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். “அக்கா, தலை சுத்துது. கதவு தெறக்க மாட்டேங்குது.”

“காய்ச்சல்டி. படுத்துக்கோ, சரியாயிடும்.”

“விளையாடாதீங்கக்கா. தகட்டையாவது தெறங்க.”

சிவப்பு பிடிக்கிற நேரம் அது. தகட்டை நான் தொடவில்லை. பிறகு தட்டுவது நின்றது.

சூளை ஆற மறுநாள் காலை ஆயிற்று. அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விழும். முதலில் சூளையைத் திறந்தேன், பிறகு அறையை. என் பவளம் சிவந்திருந்தது. அவள் கன்னமும் சிவந்திருந்தது. அந்த வாயு அப்படித்தான் செய்யும். பவளத்தை அவள் முகத்தருகே பிடித்துப் பார்த்தேன். அவளுடைய சிவப்புதான் மேல்.

அதைப் பார்த்தும் எனக்கு வருத்தம் வரவில்லை. நான் பொறாமைக்காரி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், ஐயா?