தொழிற்சாலைத் தையல்

– இடக்கையாலை நீட்டாதையப்பா எண்டு எத்தினைதரம் சொல்லுறது? வந்த மனுசன் என்ன நினைப்பார்?

– பரவால்லண்ணே. தேத்தண்ணி எந்தக் கையில வந்தா என்னா, சூடா வந்தா சரிலா. குடுங்கக்கா.

– நீர் எங்கட வீட்டு ஆள் மாதிரித்தான், ராஜூ. ஆனா இண்டைக்கு நீர் பழைய கார் கிளப்பின்ரை ஜட்ஜ். 'ஒறிஜினல்' பட்ஜ் குடுக்கிறதோ இல்லையோ எண்டு பாக்க வந்த ஆளுக்கு முன்னால, ஜெயரட்ணம் வீட்டில ஒண்டும் பிசகக்கூடாது.

– பிறந்ததில இருந்து எனக்கு இந்தக் கைதான் வசம், தம்பி. கலியாணம் கட்டின நாளில இருந்து இவர் அதை வலக்கையாக்கப் பாக்கிறார். அதை விடுங்கோ, வீட்டில மனுசி ரோஸ்மேரி சுகமோ?

– சுகம்க்கா. நீங்க தெச்சுக் குடுத்த ப்ளவுஸு அவ்ளோ கச்சிதமா இருக்காம். மாஸ்ஸி ஏரியாவுல எங்க சர்ச்சு பொம்பளைங்கல்லாம் யோகராணி அக்கா அட்ரஸ் கேக்குறாங்க. நாலஞ்சு பேரு வருவாங்க பாருங்க.

– வரட்டும். எங்க இருந்து தைக்கிறது எண்டுதான் தெரியேல்லை. என்ரை மெஷின் குசினி மூலையில கிடக்கு. போன கிழமை ஒரு பிள்ளையின்ரை பட்டுச் சட்டை முழுக்க மீன்குழம்பு மணம். அளவெடுக்க வாற பெண்டுகளை ஃபிரிட்ஜுக்கும் சிங்குக்கும் இடையில நிப்பாட்டுறன். இவரின்ரை காருக்கெண்டா கார்ப்பெற் விரிச்ச கராஜ். எங்கட கொரொல்லா றோட்டில குருவி எச்சத்தோட நிக்குது.

– அதுக்குத்தானே வழி பண்ணியிருக்கிறன். ராஜூ, நீரே கேட்டு ஞாயம் சொல்லும். புக்கெகோஹியில ஒரு வெங்காயத் தோட்டக்காரர் இந்தக் காரைக் கேட்டு நிக்கிறார். பட்ஜ் இருந்தா வாங்குவன், இல்லாட்டி வேண்டாம் எண்டிட்டார். பட்ஜ் வந்தா கார் அவருக்கு, கராஜ் ராணிக்கு.

– பட்ஜ் வராட்டி?

– வராட்டிலும் கராஜ் உனக்குத்தான். ஒறிஜினல் இல்லாத சாமான் ஒருநாளும் என்ரை கராஜில நிக்காது. கலியாணங்களுக்குக் கார் விடுற வாடகைக்காரனுக்குத் தள்ளிவிட்டிடுவன். பிள்ளையார் சாட்சியாச் சொன்ன சொல்லு.

– எந்தப் பிள்ளையாருண்ணே?

– டாஷ்போர்ட்டில இருக்கிறாரே, அவர்.

– அவரு ஃபேக்டரியில ஏறினவரு இல்லையே.

– அவர் காந்தத்தில நிக்கிறார், ராஜூ. ஒரு ஓட்டை போடேல்லை. சாமிக்கெண்டாலும் ஓட்டை போடுவனே நான்?

– அவரைக் கழட்டச் சொல்லாதேங்கோ தம்பி. வேணுமெண்டா விருந்தாளி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

– சரிக்கா, பிள்ளையாரப் பாக்காத மாதிரி போயிடுறேன். அண்ணே, கிளப்பு ரூலு தெரியும்ல? ரெண்டு எடத்துல ஃபேக்டரி வேல போயிருந்தா கண்ண மூடிக்கலாம். மூணாவது வந்துச்சுன்னா பேட்ஜ் இல்ல. நாளைக்கு வெள்ளக்காரங்க என்னையத்தான் கேப்பாங்க.

– மூண்டு என்ன, ஒண்டுகூட வராது. அறுபத்திநாலாம் ஆண்டுக் கார். முப்பத்திரண்டு வயசு. ஒவ்வொரு ஆணியையும் அமெரிக்காவில இருந்து எடுப்பிச்சுப் போட்டனான்.

– ஓம் தம்பி. மழை வந்திடும் எண்டு கூரையைத் திறக்கிறதில்லை. வெய்யில் பட்டிடும் எண்டு வெளியில எடுக்கிறதில்லை. ஓக்லண்டில ஒரு நாளைக்குள்ள ரெண்டும் வருமெல்லோ. அதால கார் கராஜிலயே இருந்து காலத்தைப் போக்குது.

– பானெட்டத் தொறங்கண்ணே. ம். இந்தத் தகடுதான் காடியோட பொறப்புப் பத்திரம் மாதிரி. கூரை மடிக்கிற பாடின்னு நம்பர் அடிச்சிருக்கு. வெள்ள பெயிண்டு, செவப்புத் தோல் சீட்டு, எல்லாம் ஒத்துப்போவுது. சில பயலுங்க சாதாக் காடியோட கூரைய அறுத்துட்டு கன்வெர்ட்டிபிள்னு விப்பானுங்க. இது அப்படி இல்ல, பொறந்ததே இப்படித்தான்.

– கேட்டியே ராணி? பிறப்பே இப்பிடி.

– கேட்டன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நிக்கிறவர் பிறப்பைப் பற்றிக் கதைக்கிறார்.

– அண்ணே, எஞ்சினுக்குப் பின்னால இருக்கே இந்தத் தகரச் சுவரு, இதுல சோக்குக் கிறுக்கல் இருக்கணுமே. ஃபேக்டரியில செக் பண்றவன் 'பாத்தாச்சு'ன்னு கிறுக்கி விட்டிருப்பான். எங்க அது?

– இருந்தது. என்ரை கண்ணாலை கண்டனான், மஞ்சள் சோக். ராணி?

– ஆயுத பூசைக்கு முதல் நாள் காரை வடிவாக் கழுவச் சொன்னது ஆர்? ஆரோ சின்னப்பிள்ளை கிறுக்கியிருக்கு எண்டு நினைச்சு விம் போட்டு உரஞ்சிப்போட்டுத்தான் சந்தனப் பொட்டு வைச்சன்.

– ஐயோ. கடல் தாண்டி வந்தும் அழியாத சோக். என்ரை வீட்டில வந்து அழிஞ்சுது.

– ஒண்ணு போச்சுண்ணே. விடுங்க. டிக்கியத் தொறங்க. இந்தா, இந்த விளிம்புல பெயிண்ட் வழிஞ்சு ஒரு சொட்டு காஞ்சு நிக்கணும். அவசரத்துல அடிச்சு அனுப்பின காடி. நான் பாத்த எல்லாத்துலயும் நிக்குது.

– நிண்டது. பாக்க அசிங்கமாக் கிடந்தது. நான்தான் ரெண்டு சனி ஞாயிறு இருந்து தேய்ச்சு, மேலால பெயின்ற் அடிச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கினன். தடவிப் பாரும்.

– தடவினேன்லா. அதான் தப்பு. ஃபேக்டரிக்காரன் இவ்ளோ அழகா செய்யமாட்டான்.

– அழகாச் செய்தா பிழையோ?

– ஆமா. கோணலா இருந்தா அவன் வேல, நேரா இருந்தா நம்ம வேல. காடி பாக்குறவனுக்கு இது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ரெண்டு போச்சுண்ணே.

– கடவுளே. இதை ரெண்டு சனிக்கிழமைக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதோ?

– பாத்தியளே தம்பி, நான் அழிச்சா ஐயோ, தான் அழிச்சாக் கடவுளே.

– ராணி, நீ கொஞ்சம் பேசாம இரு. இன்னும் ஒண்டு போனா எல்லாம் போச்சு. என்ரை நெஞ்சு இடிக்கிறது உனக்குக் கேக்கேல்லையே?

– கேக்குது. எனக்கெண்டா எப்பிடியும் கராஜ் வரும். ஆனா பட்ஜோட போனா நீங்கள் சந்தோசமா அனுப்புவியள். இல்லாட்டி வருசம் முழுக்க என்ரை காது கிழியும். அதால நல்லாப் பாருங்கோ தம்பி.

– பாக்குறேன்க்கா. கண்ணாடியில பொறிச்ச எழுத்தெல்லாம் சரி. கூரைய மடிங்கண்ணே. ஆங், பம்ப்பு மொனகுறதுகூட பழைய மொனகல்தான். முன்சீட்டு சரி. பின்சீட்டு... அக்கா, இந்த தலகாணி எதுக்கு?

– நான்தான் வைச்சன். வெய்யில் படாம.

– கராஜுக்குள்ளயா வெயிலு?

– தேத்தண்ணி ஆறுது தம்பி. வடையும் இப்ப சுட்டதுதான். சாப்பிட்டிட்டுப் பாருங்கோவன்.

– பாத்துட்டு சாப்புடுறேன். நகத்துங்க... இது என்னா இது?

– என்னது?

– இங்க, தோலோட ஓரத்துல. ஒரு சாண் நீளத்துக்குக் கைத்தையலு. மத்த எடமெல்லாம் மெஷின்.

– எங்க, விடும் பாப்பம். இதை நான் ஒருநாளும் காணேல்லையே. ராஜூ, பின்சீற்றில நான் கையே வைக்கேல்லை. நல்லா இருக்கு எண்டு அப்பிடியே விட்டனான். ஒருத்தரையும் இருக்கவும் விடுறதில்லை.

– வேற யாரும் எடுத்துட்டுப் போனாங்களா?

– ஒருக்காத்தான். போன நவராத்திரிக்கு, கொரொல்லாவைத் திருத்த விட்டிருந்த நேரம், ராணி கோயில் சமையலுக்குச் சாமான் ஏத்திக்கொண்டு போனவ. ராணி, அப்ப இது இருந்ததோ?

– நான் என்னத்தைக் கண்டன்? அண்டா ஏத்தினன், அரிசி ஏத்தினன், இறக்கினன். சீற்றில தையலைத் தேடவோ போனனான்?

– அண்ணே, அந்த டார்ச்சக் குடுங்க. ம். ம்ம். வெளக்க இந்தப் பக்கம் புடிங்க.

– சொல்லும், ராஜூ. மூண்டாவதோ?

– உக்காருங்கண்ணே.

– நிண்டுகொண்டே கேக்கிறன். சொல்லும்.

– இது ரிப்பேர் இல்லண்ணே. ரிப்பேர் பண்றவன் மெஷின்ல நேரா அடிச்சிட்டுப் போயிடுவான். இதப் பாருங்க, ஒவ்வொரு தையலும் எதிர்ப்பக்கமா சாயுது. சாதாரணமா தெச்சா இப்படி சாயாது. தெச்சவ இடதுகைக்காரி. மெஷின் எட்டாத மூலைய முடிக்க ஃபேக்டரியில கையால தெக்கிற பொம்பளைங்க இருந்திருப்பாங்க. அதுல ஒருத்தி செஞ்ச வேலலா இது.

– உறுதியாச் சொல்லுறீரோ?

– கோணலா இருந்தா அவன் வேலன்னு இப்பத்தானே சொன்னேன். சோக்க காப்பி அடிக்கலாம், சொட்டகூட காப்பி அடிக்கலாம். ஒருத்தியோட கைய எவன் காப்பி அடிப்பான்? இது மாதிரி நான் ஒரு காடியிலயும் பாத்ததில்ல. சோக்கும் சொட்டும் போனாப் போவுது. பேட்ஜ் உங்களுக்குத்தாண்ணே.

– என்ன கை இது. ராணி, இஞ்ச வந்து பார். எல்லாம் ஒரே அளவு. தோலை இழுத்துப் பிடிக்கவும் இல்லை, தளர விடவும் இல்லை. இந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடவேணும்.

– இடக்கையெல்லோ.

– இடக்கையா இருந்தா என்ன, வேலை தெரிஞ்ச கை. உனக்கு இதின்ரை அருமை விளங்காது. நீ சாறிச் சட்டை தைக்கிறனி. இது வேறை.

– எனக்கு எப்பிடி விளங்கும். சரி, நல்லதாப் போச்சு. நாளைக்கே வெங்காயக்காரருக்கு ஃபோன் எடுங்கோ. கராஜுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்.

– பொறு, ராணி.

– ஏன்?

– நாளைக்கே எண்டு என்ன அவசரம்?

– பட்ஜ் வந்தா கார் போகும் எண்டியளே.

– சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை. அப்ப எனக்கு இது தெரியாதே. அமெரிக்காவில முகம் தெரியாத ஒரு மனுசி, கூனிக் குறுகி இருந்து, தன்ரை கையாலை தைச்சது. அதைக் கொண்டுபோய் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில விடச் சொல்லுறியோ? எனக்கு மனம் கேக்குதில்லை.

– அண்ணே சொல்றதுலயும் ஞாயம் இருக்குக்கா. இந்த மாதிரி காடி நியூசிலாந்துல வேற இருக்குமான்னு தெரியல.

– அப்ப கராஜ்?

– கராஜுக்கு நல்ல பூட்டு ஒண்டு போடவேணும். குளிர்காலத்து ஈரம் தோலுக்குக் கூடாது, ஒரு ஹீற்றரும் வைப்பம். உனக்கு நான் குசினியில ஒரு காத்தாடி பூட்டித் தாறன். மீன்மணம் பறந்திடும்.

– ஹீற்றர் சீற்றுக்கு, காத்தாடி எனக்கு.

– கோவிக்காதையப்பா. அந்தத் தையல்காரிக்கு நாங்கள் செய்யிற மரியாதை எண்டு நினை.

– மரியாதை. ஓம், செய்யத்தானே வேணும். பட்ஜை எங்க பூட்டப் போறியள் தம்பி?

– முன்கண்ணாடிக்குக் கீழக்கா. ரெண்டு ஓட்டை போட்டு ஸ்க்ரூ வெச்சிருவேன். வெச்சா அப்புறம் கழட்டக் கூடாது.

– பிள்ளையாருக்குப் போடாத ஓட்டையை பட்ஜுக்குப் போடலாமோ?

– அது வேறை, ராணி. அது ஒறிஜினல் எண்டு சொல்லுறதுக்குப் போடுற ஓட்டை.

– அப்ப ஒண்டு மட்டும் கேக்கிறன். வெங்காயக்காரருக்குக் குடுக்கிறன் எண்ட சொல்லுப் போச்சு. ஒறிஜினல் இல்லாத சாமான் இந்தக் கராஜில நிக்காது எண்டனீங்களே, அந்தச் சொல்லெண்டாலும் நிக்குமோ?

– ஏன் நிக்காது? ஒரு இழை பிழையெண்டாலும் நாளைக்கே வாடகைக்காரனிட்டைப் போகும். பிள்ளையார் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். ராஜூவும் சாட்சி.

– சாட்சிண்ணே. அக்கா, அந்த ட்ரில்ல எடுத்துக் குடுங்க. இந்தக் கை, அந்தக் கைன்னு பாக்க வேணாம்.

– ட்ரில் இருக்கட்டும், தம்பி. முதல்ல வீட்டை போய் ரோஸ்மேரியின்ரை சட்டைக் கைவிளிம்பைத் திருப்பிப் பாருங்கோ, அதிலயும் தையல் இதே பக்கம்தான் சாயும். நவராத்திரிக்குக் கொண்டுபோன தேங்காய் துருவுற அலகு கிழிச்ச சீற்றை, இவர் வேலை முடிஞ்சு வாறதுக்கு முதல், கூனிக் குறுகி இருந்து தைச்சது இந்த இடக்கைதான்.