ஹவேயாவின் கழுத்தில் கண்டது

மன்றத்தின் மாண்புக்கு மகுடமாக வீற்றிருக்கும் தலைவர், போதகர் அவர்களே! இடுப்பில் மரியாதைக்குச் சுற்றும் பாயும் நெஞ்சில் பரிவும் கட்டி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹாப்பாய்த் தீவின் பெரியோர்களே! அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே வருவதா வேண்டாமா என்று வேலியில் சாய்ந்து நிற்கும் வாலிபர்களே! அனைவருக்கும் அனாசேனியின் அன்பு வணக்கம்.

தீவு தீவாக ஸ்கேன் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள் நான். கர்ப்பிணியின் வயிற்றில் பிள்ளையைக் காட்டுமே, அதே கருவிதான். கழுத்தில் வைத்தால், மூளைக்கு இரத்தம் ஏற்றும் குழாயைக் காட்டும். அதன் சுவரில் கொழுப்பு திட்டாகப் படிந்திருந்தால் அதையும் காட்டும். கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்பு, நெஞ்சுக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா?

என்ன ஐயா கேட்டீர்கள்? வலிக்குமா என்றா? வலிக்காது! பசை தடவுவோம், கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்!

போன ஆண்டு, வவாவுத் தீவில் ஒரு சனிக்கிழமை. கருவியை விரித்து வைத்துக் காத்திருக்கிறேன். ஆண்கள் கூடிவிட்டார்கள், கட்டிலில் படுக்கத்தான் ஒருவருமில்லை. அப்போது எழுந்தார் ஹவேயா. அந்த ஊர்ப் பிரபுவின் வாயாக நின்று சபையில் பேசுகிறவர். அவர் சொன்னால் ஊரே நடக்கும், அவர் சிரித்தால் ஊரே சிரிக்கும்.

"ஆட்டுக் கொழுப்பைத் திங்கறப்போ வராத பயம் இப்போ எங்கேருந்துடா வந்துச்சு?" என்று படுத்துவிட்டார்.

கருவியை வைத்தேன். பார்த்தேன். மறுபக்கமும் வைத்தேன். இரண்டு பக்கமும் திட்டு! தனியே அழைத்துச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் துள்ளி எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களாடா? பொண்ணு வாயே திறக்கல. ஒண்ணுமில்ல! கன்னுக்குட்டிக் கழுத்துடா இது!"

கூட்டம் குலுங்கியது, கலைந்தது! "ஹவேயாவுக்கே ஒண்ணுமில்லேன்னா நமக்கென்னப்பா?" என்று காவா வேர்ச்சாறு குடிக்கும் கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நான் என்ன செய்வேன்? ஒருவர் நோயை ஊரறியச் சொல்லலாமா? சொல்லாமல் விட்டு, அத்தனை பேரையும் அந்தப் பொய்யோடு வீட்டுக்கு அனுப்பலாமா? உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். நடந்து நடந்து அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன்.

கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மெலெனாய்ட்டே.

"ஐயா, காலையில நான் சொல்ல வந்தது வேற. உங்க கழுத்துக் குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கு."

கத்தி நின்றது. "செத்துருவேனா?"

"அதை இந்தப் படம் சொல்லாதுங்க. ஆபத்து ஜாஸ்தின்னு மட்டும்தான் சொல்லும். படியேறினா நெஞ்சு ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல."

"பண்ணுது!" என்று வெடித்தார் அந்த அம்மா. "கோயில் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே! யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் வாயை அடைச்சீங்களே! இவகிட்டயாவது சொல்லுங்க!"

"அப்போ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும் ஐயா. இப்பவே."

வண்டி வந்தது. ஏறினார். காவாக் கூடத்தின் முன்னால், "நிறுத்து" என்றார். உள்ளே போனார். பாட்டு நின்றது.

"காலையில நான் சொன்னது பொய்டா. அந்தப் பொண்ணு சொல்லல, நானா சொன்னேன். என் குழாயெல்லாம் கொழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க போய்ப் படுங்க, அவ பாக்கட்டும்."

ஒருவன் மெல்லக் கேட்டான்: "அப்போ கன்னுக்குட்டி?"

"கன்னுக்குட்டிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுடா!"

சிரிக்கிறீர்கள். அன்று அவர்களும் சிரித்தார்கள். ஆனால் திங்கட்கிழமை வரிசையில் நின்றார்கள்! பலர் கழுத்து சுத்தம். சிலருக்குத் திட்டு, மாத்திரை தொடங்கினோம். ஹவேயாவுக்கு நெஞ்சுக் குழாயிலும் அடைப்பு. தலைநகரில் வைத்தியம் பார்த்தார்கள். இன்று புகைபிடிப்பதை விட்டுவிட்டார், தினமும் நடக்கிறார். "என் பேரைச் சொல்லியே பேசு" என்று என்னை அனுப்பியவரும் அவரே.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முடியவில்லையே! அன்று காலை ஹவேயாவுக்கு அடுத்து நின்றவன் லெமேக்கி, மீன்பிடிக்கிறவன். படுப்பதற்காகச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டான். அந்தக் கன்றுக்குட்டிப் பேச்சைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே திரும்பப் போட்டுக்கொண்டான். "அடுத்த தடவை பாத்துக்கலாம் அக்கா" என்று படகுக்குப் போனான். ஹவேயா உண்மையைச் சொன்னபோது அவன் கடலில் இருந்தான், திங்கட்கிழமை வரிசையிலும் அவன் இல்லை. சில வாரம் கழித்து, வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தான். கரைக்கு வந்தது உடல்தான்.

பார்த்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது, தாய்மார்களே! எனக்குத் தெரியாது! அந்தத் தெரியாததுதான் என்னை உட்காரவிடாமல் ஊர் ஊராக விரட்டுகிறது! அவன் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை!

போதகர் ஐயா மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். கருவி அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. நாளைப் படகில் அது போய்விடும். நான் பேசி முடித்ததும் யாரும் கைதட்ட வேண்டாம். எழுந்து வாருங்கள். வேலியோரத் தம்பிகளே, உங்கள் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்!

செவி தந்தீர்கள், நன்றி. கழுத்தும் தாருங்கள். மாலோ, நன்றி, வணக்கம்!