பிறவினைப் பயிற்சி

நீங்கள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் சார், மாமாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி ஒரே ஒரு சொல்லை அவர் வாயில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் மாடிக்கு வருவதற்குள் அது நாக்கில் நின்றாக வேண்டும்.

என் மாமனார் தமிழ் வாத்தியார். மறதி நோய் வந்து மனைவி பெயர் போனது, பாத்ரூம் போகும் வழி போனது. இலக்கணம் மட்டும் போகவில்லை. தானாக நடந்தால் தன்வினை, ஒருவர் நடத்தினால் பிறவினை. திருந்தினான் என்றால் திருத்தினான் என்பார். அடங்கினான் என்றால் அடக்கினான். படச்சீட்டும் மணி கோர்ப்பதும் தோற்ற இடத்தில் இந்த விளையாட்டு ஜெயித்தது. கண்டுபிடித்தது நான். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. பின்னால் நின்று விடையை எடுத்துக்கொடுப்பார். மாமா தடுமாறும் அந்த நொடியில்தான் மூளை வேலை செய்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

நீங்கள் வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு காலை, நான் வினைச்சொற்களை எழுதி வைத்திருந்த சீட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை மாடிப்படிக்கு வந்தார். குப்பையில் போடப் போகிறாராம்.

“அவர் என்ன சின்னப் புள்ளையா? நிம்மதியா மறந்துட்டுப் போகட்டும், விடும்மா.”

பெட்டியை வாங்கத்தான் கை நீட்டினேன். படி ஈரமாக இருந்தது. மாமா மேலே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஓடி வந்தார். “அப்பா, அம்மா உருண்டுட்டாப்பா” என்று அவர் மடியில் விழுந்து அழுதார்.

“உருட்டினாள்” என்றார் மாமா, நிதானமாக.

பாவம், இன்னும் கிளாஸிலேயே இருக்கிறார் என்று என் கணவர் அழுகைக்கு நடுவே சிரித்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் மாமா அதையே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்திருந்தேன். வந்தவர்களில் யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள்.

பதிந்த சொல்லை அழிக்க முடியாது, சார். விகுதியை மாற்றலாம். ‘ஆள்’ போய் ‘ஏன்’ வர வேண்டும், அவ்வளவுதான். வியாதிக்காரரை யாரும் உள்ளே தள்ள மாட்டார்கள். அவருக்கு இழக்க என்ன இருக்கிறது? சரியாகச் சொன்னால் தலையைத் தடவிக்கொடுப்பேன். தப்பாகச் சொன்னால் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவேன். இருட்டு என்றால் அவருக்குப் பயம். சீக்கிரமே கற்றுக்கொண்டார்.

நீங்கள் அவர் பக்கத்தில் குனிந்து, “ஐயா, அம்மா படியில எப்படி உருண்டாங்க?” என்று கேட்டீர்கள்.

“உருட்டினேன்.”

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். என் கணவர் அறையை விட்டு வெளியே போனார். இவரைப் பிடித்து என்ன செய்வது என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மாமா அதை நம்பிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. மற்ற சொற்களெல்லாம் போய்விட்டன. திருந்தினான் என்றால் முழிக்கிறார். இந்த ஒன்று மட்டும் நிற்கிறது. தன் கையையே பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். அந்தக் கையால் சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறார். ஊட்டினாலும் வாயை மூடிக்கொள்கிறார். பெற்ற மகன் அந்த அறைப் பக்கமே போவதில்லை.

பழைய விடையைத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். “உருட்டினாள்னு சொல்லுங்க மாமா. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

“உருட்டினேம்மா” என்று என் தலையைத் தடவினார். சரியான விடைக்கு நான் தடவுவேனே, அதே மாதிரி.

இனி எதுவும் பதியாது என்கிறார் டாக்டர். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். உருட்டியது அவர் இல்லை என்று அவரிடம் போய் நீங்களே சொன்னாலும் ஏறாது, எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு திருத்தம். பெட்டியை வாங்கத்தான் கை நீட்டினேன் என்றேனே. கேட்டதும் அத்தை சண்டை போடாமல் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் முதுகில் என் வலது கை பட்டபோது, பெட்டி என் இடது கையில் இருந்தது.