குலம் அண்ணையின் எழுத்தோட்டம்

அன்றைக்குக் கொடுத்த மரக்கறி ரோல்ஸ் நன்றாக இருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அது ஆறிப்போனதற்கு நான்தான் காரணம் என்று விசாரணைக் குழு சொல்வதையும் மறுக்கவில்லை. ரோல்ஸ் சூட்டோடு சாப்பிட வேண்டிய சாமான்.

நடந்ததை எழுதித் தரச் சொல்லி, பழைய மாணவர் சங்கத்தின் உபதலைவர் இராஜேந்திரன் அண்ணை கேட்டார். செயலாளர் றோஸ்மலர் அக்கா இரண்டு தாள் தந்து, இதற்குமேல் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அது பழக்கமான விஷயம். இந்தச் சங்கத்தில் என்னிடம் எல்லோரும் கேட்பது, சுருக்கு என்பதுதான்.

என் பெயர் சண்முகராசா. வயது ஐம்பத்துமூன்று. வெம்பிளியில் இருக்கிறேன். கிழமை நாட்களில் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். சனி, ஞாயிறில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடுக்கிறேன். வீடியோ எடுக்க லண்டனில் ஆட்களுக்குக் குறைவில்லை. என் கலை அதுவல்ல. படம் தொடங்க முன்னர் பெயர்கள் வந்து போகுமே, எழுத்தோட்டம், அதுதான் என் கலை.

இங்கே வருவதற்கு முன்னர் பாரிசில் ஒன்பது வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் தியேட்டர். வாசலில் டிக்கெட் கிழித்தவர் எங்கள் ஆள். எனக்குக் கிடைத்த ஓய்வு கால் மணி நேரம். காட்சி தொடங்கும்போது உள்ளே போவேன், பத்து நிமிடத்தில் திரும்பி வருவேன். இப்படி நானூறு படங்களின் தொடக்கத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில்கூடக் கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியாது. அதில் எனக்குக் குறையும் இல்லை. கொலை நடக்கப்போகிறது என்பது முதல் இரண்டு நிமிடத்திலேயே வயிற்றுக்குள் தெரிந்துவிடும். மிச்சத்தை இருந்து பார்ப்பவர்கள் விபரம் கேட்கிற ஆட்கள்.

வயிற்றுக்குள் அது எப்படி வருகிறது என்றுதான் நான் படித்தேன். திரையை நான்கு விநாடி வெறும் கறுப்பாக விட வேண்டும். மூன்று விநாடி என்றால் மெஷின் பழுது என்று நினைப்பார்கள், ஐந்து என்றால் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். பெயரை நடுவில் வைக்கக்கூடாது. கீழே ஒரு மூலையில் சின்னதாக வைத்து மிச்ச இடத்தை வெறுமையாக விட்டால், அந்த வெறுமைக்குள் ஏதோ வரப்போகிறது என்று பார்க்கிறவரே பயந்துகொள்வார். எழுத்துகள் ஒன்றையொன்று விட்டு மெல்ல மெல்ல விலக வேண்டும். கமரா ஒரு பொருளை நோக்கிப் போவது கண்ணுக்குத் தெரியக்கூடாது, உடம்புக்குத் தெரிய வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் விழ வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டியே மனிதரை நடுங்க வைக்கலாம்.

ஆனால் என் எழுத்தோட்டத்தை ஒருவரும் முழுதாகப் பார்த்ததில்லை. சங்கத் தலைவர் குலசேகரம், எங்களுக்குக் குலம் அண்ணை, அதற்கு வழி விடவில்லை. சங்கத்தின் லப்டொப் எப்போதும் அவர் மடியில்தான் இருக்கும். ஏழு வருடத்தில் பதினொரு விழா. பதினொரு முறையும் என் முதல் எழுத்து கறுப்பிலிருந்து வெளியே வரும் நேரம் பார்த்து அவருடைய விரல் படத்தைத் தாண்டிவிடும் பொத்தானை அமத்தும்.

"உதைப் பேந்து பாப்பம் சண்முகம், விசயத்துக்கு வாரும்" என்பார்.

அந்தப் பேந்து, பிறகு என்ற ஒன்று, வரவே இல்லை. அவர் இல்லாத கலியாண வீடுகளில் சனம் கதைக்கும், பிள்ளைகள் ஓடும், ரோல்ஸ் தட்டு வரும். நான் கோபக்காரன் இல்லை. பதினொரு முறையும் வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்து யோசித்தேன். எங்கள் சனம் வாய் மூடி, கை கட்டி, சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு இருக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. எங்கள் விழாக்கள் எல்லாம் விளக்கேற்றலில் தொடங்கும், அடுத்தது இறந்தவர்களுக்கான அகவணக்கம். மண்டபம் இருண்டு, ஒரு சுடரும் ஒரு படமும் தெரிந்தால் போதும், ஒருவரும் சொல்லாமலே முந்நூறு பேரும் எழும்பி நிற்பார்கள். அந்த நேரத்தில் தட்டோடு நடக்கிறவரைப் பெற்ற தாயும் மன்னிக்கமாட்டார்.

ஆகவே எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. ஆள் சாகத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தைக் குழு கவனிக்க வேண்டும்.

குலம் அண்ணையின் மணிவிழா ஹரோவில் ஒரு மண்டபத்தில் வந்தது. அன்றைக்கு அவர் மாலையோடு முன்வரிசையில் இருக்க வேண்டியவர், லப்டொப் என் கையில். இப்படி ஒரு நாள் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு கிழமைக்கு முன்னர் அவருடைய வீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். மடித்த பேப்பரின்மேல் கிடந்த கண்ணாடியை எடுத்தேன். ஆவி அடங்கிக்கொண்டு வரும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். ஜன்னலோரத்தில் அவருடைய சாய்மனைக் கதிரை, அதை அரை மணி நேரம் எடுத்தேன். வாசலில் அவருடைய செருப்பு. அவருடைய மனைவி சிவனேஸ்வரி அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஏன் செருப்பை மட்டும் எடுக்கிறியள்? ஆள் உள்ளுக்கைதான் நிக்கிறார், கூப்பிடட்டே?"

"வேண்டாம் அக்கா, அவர் இல்லாமல் இருந்தால்தான் நல்லது" என்றேன். இதைவிட வெளிப்படையாக ஒருவர் சொல்ல முடியாது.

நான் எழுதிய சொற்களில் ஒரு பொய் இல்லை. அவருடைய பெயரைப் போட்டேன். பிறந்த வருடத்தைப் போட்டேன், 1965. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் கோடு திரையில் ஆறு விநாடி தனியாக நிற்கும். பிறகு அவருடைய இளவயதுக் கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் ஒரு சுடர். கடைசியில் என் பெயர். மொத்தம் இரண்டு நிமிடம் முப்பத்தாறு விநாடி.

இது தற்செயல் என்று குழுவில் சிலர் எனக்காகப் பேசியதாக அறிந்தேன். நன்றி. ஆனால் உண்மை அதுவல்ல. முதலில் மேல்வீட்டுச் சவிரிமுத்துவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் குலம் அண்ணையைக் கண்டதே கிடையாது. முடிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, "எப்ப நடந்தது?" என்று கேட்டார். அப்போதே நான் திருத்தியிருக்கலாம். திருத்தினேன். கதிரையில் நான்கு விநாடி கூட்டினேன்.

விழா அன்று நாதஸ்வரம் நின்றது, விளக்கை அணைத்தார்கள், நான் பொத்தானை அமத்தினேன். நான்கு விநாடி கறுப்பு. கண்ணாடி. கோப்பை. செருப்பு. செருப்பு வந்தபோது பின்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ" என்றார். கதிரை வந்தது. பெயர் வந்து, எழுத்துகள் விலகத் தொடங்கின. கோடு வந்ததும் கடைசி வரிசை எழும்பியது, அதைப் பார்த்து நடு வரிசை எழும்பியது. சுடர் தெரிந்தபோது மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. ரோல்ஸ் கொண்டு வந்த பெடியங்களும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். முந்நூறு பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

முன்வரிசையில், மாலையோடு, குலம் அண்ணையும் எழும்பி நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். யாரோ சுடர் வரைக்கும் அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். கேக் வெட்ட முன்னரே சூரிச்சிலிருந்து அனுதாபம் வந்தது. திங்கட்கிழமை வீட்டுக்கு மலர்வளையம் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியவர் குலம் அண்ணைதான். கனடாவிலிருந்து அவருடைய தங்கச்சி குமுதினி வெள்ளைச் சேலையோடு வந்து இறங்கி, "உயிரோட இருக்கிறன் எண்டு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்தானே அண்ணை" என்று அவரைத்தான் ஏசினார். பழைய மாணவர்கள் சிலர் இன்னும் அவரை வழியில் கண்டால் ஒரு நிமிடம் தயங்கித்தான் வணக்கம் சொல்கிறார்கள். தலைவர் பதவி வெறுமையாக இருக்கிறது என்று இரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்திருப்பதும் எனக்குத் தெரியும். இராஜேந்திரன் அண்ணை, அதில் ஒன்று உங்களுடையது.

நீங்கள் எனக்குத் தரப்போகிற தண்டனை, இனிமேல் சங்க விழாக்களில் கமரா தூக்கக்கூடாது என்பதாக இருக்கும். அதைவிடப் பெரிய தண்டனை அன்றைக்கே கிடைத்துவிட்டது. நான் மேசைக்குப் பின்னால் நின்று சபையின் முகங்களைப் பார்க்கத் திரும்பினேன். ஒரு முகமும் தெரியவில்லை. அகவணக்கத்துக்கு எழும்புகிறவர்கள் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. சுடருக்குப் பிறகு கடைசியில் வந்த என் பெயரை முந்நூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அதை நீங்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் தந்தீர்கள்.

மூன்றாம் நாள் குலம் அண்ணை பெற்றோல் ஷெட்டுக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துப் பேனையை மேசையில் வைத்தேன்.

"சண்முகம், எல்லாரும் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவை. நான் மட்டும் முழுக்கப் பாத்தனான்" என்றார். "கடைசியில உம்மட பேரும் வந்தது. வடிவான எழுத்து."

"உங்கட படம் எண்டு தெரிஞ்சும் ஏன் அண்ணை எழும்பினியள்?"

"சபை எழும்பி நிக்கேக்க நான் மட்டும் இருக்கிறது மரியாதையில்லைத்தானே." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "உதை அழிச்சுப்போடாதையும். தேவைப்படேக்க போடலாம்."

இதைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதத் தாள் காணாது. ஏழு வருடம் பொத்தானை அமத்திய மனிதர் என் எழுத்தோட்டத்துக்குத் தேதி தந்துவிட்டுப் போகிறார். அவர்மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் அந்த நிமிடமே போய்விட்டது. கெட்ட எண்ணம் எனக்கு முன்னரும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

குழுவிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த நாள் வரும்போது, சபையோர் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்க்கவும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. கோட்டுக்குப் பிறகு நான்கு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தேன். அதில் இரண்டு, பூச்சியம், இரண்டு என்று முதல் மூன்றையும் போட்டுவிட்டேன், ஏனென்றால் மூன்றாவது இடத்தில் இரண்டு நின்றால்தான் பார்க்க வடிவாக இருக்கிறது. கடைசி இலக்கம் மட்டும்தான் பாக்கி.

குலம் அண்ணைக்குப் பிரஷர் இருக்கிறது, பாவம். ஆனபடியால் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அவருடைய வீட்டுக்குப் போன் எடுத்துச் சுகம் விசாரிக்கிறேன். சிவனேஸ்வரி அக்கா எடுத்தால் ஆறுதலாக இரண்டு வார்த்தை கதைப்பேன். அவரே எடுத்தால் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவேன்.