பன்னிரண்டாம் அடிக்குறிப்பு

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கெதிரே இரு ஆய்வு மாணவிகள் அமர்ந்திருந்தனர். அன்று மாலையே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய ஒருத்தி கலங்கியிருந்தாள்.

"பன்னெண்டாவது புட்நோட்டுக்கு முன்னாடி இன்னொண்ணு சேத்தேன்டி. பன்னெண்டு பதிமூணாயிடுச்சு. அதையே திரும்பக் குறிச்ச எடத்துல எல்லாம் இன்னும் பன்னெண்டாவே நிக்குது."

"நம்பர கையால அடிச்சா அப்டித்தான். வேர்டுலயே கிராஸ் ரெஃபரன்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டிருந்தா தானா மாறும்."

"தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்குடி சொல்லல?"

"சார் எப்பவும் உன் எழுத்தத்தான் புகழ்றாரு. எனக்குன்னு இது ஒண்ணாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

சொன்னவளே கையை நீட்டினாள்.

"லேப்டாப்ப இப்டித் தள்ளு."

பொன்னேரி வருவதற்குள் எண்கள் சரியாயின.

"இதுக்கும் உன்னத்தான் பாராட்டுவாரு, பாரேன்," என்று தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுதிய பக்கங்களில் பிழை கண்டு சண்டையிட்ட மனைவி மறைந்து ஓராண்டாகிறது. அவ்விருவர்மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.