ஏழு தரம் திருத்தினவ

மருதனார்மடத்தில் பஸ் ஏறிய இரண்டு இளம்பெண்கள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். இருவர் மடியிலும் ஒரே ஜேர்மன் பாடப்புத்தகம்.

"இண்டைக்கு டீச்சர் என்னை ஏழு தரம் திருத்தினவ!" என்றாள் யன்னல் பக்கத்தவள், பரிசு வாங்கினவள் போல.

"உதிலை என்னடி சந்தோசம்?" என்றாள் மற்றவள். "எல்லாருக்கும் முன்னாலை மறிச்சா எனக்கு நாக்கே எழும்பாது."

"அதுக்காக வாயே திறக்காமல் இருந்தா சோதினை பாஸ் பண்ணேலுமே? பாஸ் பண்ணாட்டி விசா இல்லை. பிறகு உன்ரை மனுசன் ஜேர்மனியிலை, நீ இங்கை."

"உனக்கு வெக்கமா இல்லையே?"

"முந்தி வெக்கம்தான். போன கிழமை என்ரை அவர் போனிலை ஜேர்மனிலை கதைச்சுக் காட்டினவர். அங்கை போய் எட்டு வருசம். டீச்சர் எனக்குத் திருத்தின அதே பிழையை அவரும் விட்டார். நான் மறிச்சுத் திருத்தினன்."

"ஐயோ! கோவம் வரேல்லையே?"

"டக்கெண்டு போனை வைச்சிட்டார்."

"பிறகு?"

"பத்து நிமிசத்தாலை திருப்பி எடுத்து, 'இன்னொருக்கால் மெதுவாச் சொல்லு, எழுதப்போறன்' எண்டவர்."

பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மற்றவள் புத்தகத்தை விரித்தாள்.

"என்ரை மனுசன் போய்ப் பத்து வருசம், அவரிட்டை எத்தினை பிழை இருக்குமோ! நாளைக்கு நானும் வாயைத் திறக்கிறன்."